மாமாவின் குரல் என் விரலடியில்

என் அக்காள் புருஷனைப் பழிவாங்கத்தான் நான் சவுண்ட் மிக்ஸிங் கற்றுக்கொண்டேன். ஒரு பெண் எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்று யாராவது கேட்டால், சின்ன வயதிலிருந்தே இசையில் ஆர்வம் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது வெளியாட்களுக்கு.

அவரை மாமா என்று கூப்பிடுவேன். வாயில் அவர், மனசுக்குள் அவன். சொந்தமாக ஓர் இசைக்குழு நடத்துகிறார். லாபு, மம்பாவ், கோலா பிலா பக்கம் கல்யாண விருந்தானாலும் கோயில் திருவிழாவானாலும் அவர் குழுதான் மேடையில் இருக்கும். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அவரே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு. எங்கள் மாநிலத்தில் அந்தப் பாட்டுக்கு ஆடாத தமிழ்க் கல்யாணம் இல்லை. அந்த ஒரு பாட்டை வைத்தே ஊரெல்லாம் ராஜா மாதிரி நடந்துகொண்டிருந்தார். நான் அவர் குழுவில் கோரஸ். வாரநாட்களில் நீலாயில் ஃபேக்டரி வேலை, சனி ஞாயிறில் அவருக்குப் பின்னால் நின்று ஆ, ஓ. தனியாக ஒரு பாட்டுக் கொடுங்கள் மாமா என்று கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம் பாக்கலாம்" என்பார். பார்க்கவே மாட்டார்.

நான் பிறந்தது லாபுவில் ஒரு தோட்டத்தில். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். திருவிழா என்றால் சிதறிப்போன சனமெல்லாம் காரில் வந்து இறங்கும். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்து உபயம். எங்கள் குடும்பத்து உபய நாளில், உபயக்காரர் வீட்டுப் பிள்ளை அம்மன் பாட்டு ஒன்று பாட வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். அப்பா இருந்தவரை அவர் பாடுவார். அவர் போன பிறகு அது எனக்கு வந்தது. இதை மாமாவால் மறுக்க முடியவில்லை.

முதல் சரணம் முடியும்போதே கைதட்டல் வந்துவிட்டது. பின்னால் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது சரணத்துக்குப் போனேன். பாடுகிறவர் காலடியில் மானிட்டர் என்று ஒரு பெட்டி சாய்ந்து கிடக்கும், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பதற்காக. அதில் என் குரல் அழகாக வந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் அப்படி நான் பாடியதில்லை.

கண்ணைத் திறந்தபோது சனம் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது. சிலர் சிரித்தார்கள். இரண்டு பெண்கள் வாயை மீன் மாதிரி திறந்து மூடிக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டுத்தான் இறங்கினேன். மறுநாள் யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ வந்தது. முதல் சரணத்தோடு என் குரல் நின்றுவிட்டிருந்தது. மீதி நேரம் முழுக்க பின்னணி இசை ஓடுகிறது, நான் வாயை அசைக்கிறேன், கையை வேறு ஆட்டுகிறேன். அந்த வீடியோவை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எனக்கும் அனுப்பினார்கள், நான் பார்க்காமல் போய்விடக்கூடாதாம்.

அப்போது மாமாவே மேடையில் நின்றபடி, யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று டேப்லெட்டில் விரலை வைத்து மிக்ஸ் பண்ணுவார். நான் பாடும்போது என் பக்கத்தில்தான் நின்றார், சிரித்த முகத்தோடு.

"மைக் பேட்டரி போயிடுச்சிமா. என்னா செய்றது, மெஷின்லா" என்றார்.

பேட்டரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும், பதில் சொல்ல? அக்காள் அன்றைக்கு முன்வரிசையில் கோயில் தலைவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மானிட்டருக்கு நேர் எதிரே. வீட்டுக்குப் போகும்போது காரில், "விடுடி, மெஷின்தானே. இதுக்குப் போயி அழுவுற" என்று என் தொடையில் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஆனால் சந்தேகம் விடவில்லை. சரியாக அந்தக் கைதட்டலுக்குப் பிறகா பேட்டரி போகும்? ஷிஃப்ட் மாறிவிட்டது என்று ஒரு சாக்குச் சொல்லிக் குழுவை விட்டு வந்தேன். மம்பாவில் ஒலி, ஒளிச் சாமான்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் சனி ஞாயிறு வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஒரு சீனப் பெண், என் வயதுதான். அரைக்கால் சட்டையும் பூட்ஸுமாக லாரி ஓட்டுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் "சாப்டியா" ஒன்றுதான். சாப்பிடாவிட்டாலும் அதற்கு மேல் கேட்கமாட்டாள்.

முதலில் கேபிள் சுற்றவிட்டாள். ஒரு வளையம் உள்பக்கம், ஒரு வளையம் வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை இழுக்கும்போது முடிச்சு விழும். பிறகுதான் கன்சோலுக்குப் பக்கத்தில் விட்டாள். பெரிய டிஜிட்டல் கன்சோல். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சேனல், சேனலுக்குக் கீழே மேலும் கீழும் தள்ளுகிற ஒரு ஃபேடர். நான் கையை வைத்தவுடனே ஃபேடரைத் தூக்கினேன். என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கெயின் டுலு லா. ஃபேடர் நந்தி."

முதலில் கெயின், ஃபேடரெல்லாம் பிறகு. மைக்கிலிருந்து வருகிற குரலை எவ்வளவு உள்ளே விடுவது என்பதுதான் கெயின். வாசலில் சரியாக விடாமல் உள்ளே எத்தனை தூக்கினாலும் பிரயோசனமில்லை. இதைப் பழக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஏதோ ஒரு கச்சேரியை ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தாள். அதை ஓடவிட்டால், ஆளே இல்லாத மேடையிலிருந்து ஆள் பாடுகிற மாதிரி சேனல் சேனலாக வரும். அந்தப் பாடகர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அவரை மாமாவாகவே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் எனக்கு வேகமாகப் படிப்பு ஏறியது. அடித்தொண்டைக் கனத்தை வெட்டுகிற ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினால் மாமாவுக்குத் தொப்பை போயிற்று. குரலின் கனத்தையும் கூர்மையையும் மாற்றுகிற ஈக்யூவில் நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் மூக்கால் பாடினார். எதிரொலி சேர்க்கிற ரிவெர்பை எடுத்துவிட்டால் குளியலறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தின மாதிரி மொட்டையாக நின்றார். எனக்கு ரொம்பப் பிடித்தது கம்ப்ரஸர். எவன் குரல் அளவுக்கு மேல் தலை தூக்குகிறதோ அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டும். கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து மாமாவை நான் தட்டாத தட்டில்லை. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது என்று முதலாளி நினைத்தாள்.

கோலா பிலாவில் ஒரு மலாய்க் கல்யாணத்தில்தான் எனக்குத் தேவைப்பட்டது கிடைத்தது. அதுவும் என் தப்பால். இந்தக் கன்சோலில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதே ஃபேடர்கள் சனத்துக்குக் கேட்கிற வெளிப் பெட்டிகளை விட்டுவிட்டு மானிட்டர்களின் அளவைக் காட்டும். அழுத்தியதை மறந்துவிட்டு, பாடகிக்கு வெளியில் சத்தம் பத்தவில்லையே என்று நான் தூக்கிக்கொண்டே போனேன். வெளியில் ஒன்றும் ஏறவில்லை. மேடையில் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு துள்ளிவிட்டாள். முதலாளி ஓடிவந்து சரிசெய்தாள். நிகழ்ச்சி முடிந்து கேபிள் சுற்றும்போது விளக்கிச் சொன்னாள். சனம் கேட்பது வேறு, பாடுகிறவர் கேட்பது வேறு. இரண்டும் தனித்தனி வழி. வெளி ஃபேடரை அடி வரைக்கும் இறக்கினாலும் மானிட்டரில் ஒரு துளி குறையாது. பாடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

நான் கையிலிருந்த கேபிளைக் கீழே போட்டுவிட்டேன்.

"மைக் பேட்டரி ஹாபிஸ்?" என்று கேட்டேன். தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று.

"பேட்டரி ஹாபிஸ், செமுவா ஹாபிஸ் லா. லுவார் தடா, மானிட்டர் புன் தடா" என்றாள், இது கூடத் தெரியாதா என்பது போல.

எல்லாமே போய்விடும். வெளியிலும் வராது, மானிட்டரிலும் வராது. ஆனால் அன்றைக்குக் கடைசி வரி வரைக்கும் என் குரல் என் காலடியில் கேட்டது. பேட்டரி போகவில்லை. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றவன் ஒரு விரலால் என்னை இறக்கிவிட்டு, மானிட்டரை மட்டும் விட்டுவைத்திருக்கிறான், நான் தெரியாமல் பாடிக்கொண்டே இருக்கட்டும் என்று. எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. சந்தேகப்பட்டு வெறுப்பதைவிடத் தெரிந்து வெறுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எங்கள் பக்கம் அரசன் இதற்கெல்லாம் வரமாட்டார். மாரியம்மனுக்கு எதிரிலேயே நடந்த காரியத்துக்கு அவள் ஒன்றும் செய்யக் காணோம். ஆகவே நானே செய்வது என்று முடிவு பண்ணினேன். அவர் எனக்குச் செய்ததைத்தான் செய்வேன், அதற்கு மேல் ஒன்று கூடாது, குறையவும் கூடாது. அவர் வாயை அசைக்க வேண்டும், சனம் பார்க்க வேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு அக்காள் வீட்டில் சாப்பிடும்போது, "கேபிள் சுத்துறியாமே? பரவால்ல, கைத்தொழிலு ஒண்ணு கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆட்டிறைச்சியை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே.

அடுத்த திருவிழாவுக்குப் பெரிய திரை, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் வேண்டும் என்று கோயில் நிர்வாகம் எங்கள் கம்பெனியைப் பிடித்தது. மாமாவின் டேப்லெட்டுக்கு அன்று வேலையில்லை. எங்கள் ஊர்க் கோயில், நானே மிக்ஸ் பண்ணுகிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குள் சின்ன நிகழ்ச்சிகளை என்னிடமே விட ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் ஒலிச்சோதனைக்கு வந்த மாமா, கன்சோலுக்குப் பின்னால் என்னைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, நீயா? நம்ம ஆளுலா! அப்ப பயமில்ல. என் வாய்ஸ் எல்லாத்துக்கும் மேல நிக்கணும். மானிட்டர்ல எனக்கு என் குரலு நல்லா வேணும், தாராளமா ஏத்து."

ஏற்றினேன். போதும் என்று அவர் கையைக் காட்டிய பிறகும் ஏற்றினேன்.

முதலில் அவருடைய பிரபலமான பாட்டு. அது முடியும்போது அஸான் நேரம், முஸ்லிம்களைத் தொழுகைக்கு அழைக்கிற நேரம், வந்துவிடும். அஸான் முடிந்ததும் அவருடைய புதுப் பாட்டு, அதற்கு அன்றுதான் வெளியீடு. எடுத்த எடுப்பில் வாத்தியம் எதுவும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு விருத்தம் பாடுவாராம். திட்டப்படி நான் புதுப் பாட்டு வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை. முதல் பாட்டிலேயே இரண்டாவது சரணத்தில் அவர் ஃபேடரை இழுத்துவிட்டேன்.

நடந்தது என்ன தெரியுமா? சனம் பாடிவிட்டது. அந்தப் பாட்டு அத்தனை பேருக்கும் மனப்பாடம். அவர் குரல் நின்ற இடத்திலிருந்து திடல் முழுக்க எடுத்துக்கொண்டது. கிழவிகள் பாடினார்கள், சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார்கள். மாமா கண் கலங்கி மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார். வாக்கி-டாக்கியில் முதலாளி, "வாஹ், பகுஸ்! குட் ஐடியா!" என்று என்னைப் பாராட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. என் குரல் போனபோது இதே திடலில் ஒரு வாய் திறக்கவில்லை. அம்மன் பாட்டு அவர்களுக்குத் தெரியாதா? திறந்த வாயெல்லாம் சிரிக்கத்தான் திறந்தது. ஃபேடரை மறுபடி மேலே தள்ளினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு அஸான். கம்போங் பக்கத்தில் சூரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து சத்தம் வந்ததும் மேடையில் எல்லாம் நிற்கும். அது எங்கள் பக்கத்து வழக்கம். கன்சோலில் எல்லா மைக்கையும் ஒரே அழுத்தில் மௌனமாக்க ஒரு பொத்தான் வைத்திருப்போம். அழுத்தினேன். அந்த மௌனத்துக்கு அடியில் மாமாவின் ஃபேடரை மெதுவாக அடி வரைக்கும் இறக்கினேன். இந்த முறை பாட்டு யாருக்கும் தெரியாது. எவன் வந்து கூடப் பாடுகிறான் பார்ப்போம்.

அந்த அஸான் முடிந்தது. செம்பனைக்கு அந்தப் பக்கத்துச் சூராவில் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் ஆரம்பிப்பார்கள், அது இன்னும் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பொத்தானை விடுவித்தேன். மாமா மைக்கருகே வந்து கண்ணை மூடினார். பாட ஆரம்பித்தார். வெளியில் ஒரு சத்தமும் இல்லை.

கன்சோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் மனைவியிடம், "பாத்தியா? அந்தச் சூராவும் முடியட்டும்னு கண்ண மூடி நிக்கிறான். மரியாத தெரிஞ்ச புள்ள" என்றார். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றியிருந்தவர்களும் தலையைக் குனிந்தார்கள். எனக்கு ஹெட்ஃபோனைக் கழற்றி எறியலாம் போல் இருந்தது. இவன் குரலை எடுத்தால் மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறதே!

அந்த அஸானும் முடிந்தது. மாமாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. வலது கை மெல்ல உயர்ந்து காற்றில் ஒரு வட்டம் போட்டது. யாரோ ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தாள். "சத்தம் வரல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒன்று, இரண்டு என்று கைத்தொலைபேசிகள் மேலே வந்தன. அவரோ கண்ணை மூடிக்கொண்டு, காலடியில் கேட்கிற தன் குரலில் சொக்கிப்போய், புருவத்தைத் தூக்கி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கு இனித்தது.

"வோக்கல் மனா? வோக்கல் மனா?" என்று வாக்கி-டாக்கி அலறியது, பாடகர் குரல் எங்கே என்று.

"ஓகே, செக், செக்" என்றேன். ஃபேடர் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

அப்போதுதான் அக்காள் வந்தாள். முன்வரிசையிலிருந்து பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"ஏத்துடி."

"எத?"

"அவர் சத்தத்த. நீதான் எறக்கி வச்சிருக்க."

"பேட்டரி போயிருக்கும்கா."

"என்கிட்டயே கத வுடுறியா? பேட்டரி போனா மானிட்டர்லயும் வராதுடி. நான் அதுக்கு நேரா உக்காந்திருக்கேன், அதுல அவர் குரலு நல்லாக் கேக்குது, வெளியதான் வரல. எத்தன வருஷமா அந்த மெஷினுங்களோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

படபடவென்று சொல்லி முடித்தாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. கேபிள் சுற்றி, கையில் தட்டு வாங்கி, கோலா பிலாவில் வெயிலில் நின்று நான் தெரிந்துகொண்டதை அவள் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறாள்.

"அன்னிக்கும் அதே எடத்துலதானேக்கா உக்காந்திருந்த?" என்றேன்.

அக்காள் மேடையை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்புறம் பேசிக்கலாம்டி. மொதல்ல ஏத்து, அவர் கண்ணத் தொறந்துடப் போறாரு."

ஏற்றினேன். திடுக்கென்று தூக்கக்கூடாது என்று கற்றுக்கொண்டபடி மெதுவாக, யாருக்கும் தெரியாமல் ஏற்றினேன். விருத்தத்தின் கடைசி வரி திடல் முழுக்க எழுந்து வந்தது. சனம் கைதட்டியது. மாமா கண் திறப்பதற்குள் அக்காள் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டிருந்தாள். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தாள்.

மீதிப் பாட்டுகளை ஒழுங்காகவே மிக்ஸ் பண்ணிக் கொடுத்தேன். கடைசியில் மாமா வந்து என் தோளைத் தட்டி, அடுத்த வருஷமும் நீதான் என்றார். சரி மாமா என்றேன். அவர் மேல் எனக்கு ஆத்திரமே வரவில்லை, தேடிப் பார்த்தும் வரவில்லை. அவர் என்னை இறக்கினவர், அவ்வளவுதான். அவர் புத்தி அது. அப்புறம் பேசிக்கலாம் என்ற அக்காள் இன்றுவரை பேசவில்லை. வீட்டுக்குப் போனால் எனக்கென்று மீன் தலையை எடுத்து வைக்கிறாள், பின்னால் நின்று வேலை எப்படி என்று விசாரிக்கிறாள், நான் முகத்தைப் பார்த்தால் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் அம்மன் பாட்டுப் பாடிய அன்றைக்கு அத்தனை சனத்தில் என் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் மானிட்டரில் கேட்டவள் அவள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.